மாமியாரைத் தூக்கியவன்

பொன்சியானோ கவூமாவுக்குக் கல்யாணமாகி, மூத்த பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், தன் மாமியாரின் முகம் எப்படியிருக்கும் என்று சரியாகத் தெரியாது. குரல் தெரியும். இருமல் தெரியும். தோள் தூக்கிய அந்த மஞ்சள் கோமேசி உடுப்பைக் கால் மைல் தொலைவிலேயே அடையாளம் தெரியும். தெரிந்த மாத்திரத்தில் முச்சந்தியில் இருக்கும் தன் ரோலெக்ஸ் வண்டிக்குப் பின்னால் குனிந்துவிடுவான். ரோலெக்ஸ் என்றால் கைக்கடிகாரம் இல்லை, முட்டையை ஊற்றிப் பொரித்துச் சப்பாத்தியில் சுருட்டித் தருவது. அவன் குனிந்திருக்கும் நேரத்தில் கல்லில் கிடப்பது கருகும். எங்கள் ஊர்ப் பயல்களுக்கு அதுவே விளையாட்டு. "ஏய் பொன்சியானோ, உன் மாமியார் வர்றாங்க!" என்று ஒருத்தன் கத்துவான். இவன் கரி மூட்டைக்குப் பின்னால் பாய்வான். எழுந்து பார்த்தால் இரண்டு சப்பாத்தி காணாமல் போயிருக்கும், பாதையில் மாமியாரும் இருக்க மாட்டார்.

ஆனால் விஷயம் சிரிப்பதற்கானது இல்லை. எங்கள் வழக்கத்தில் மருமகனும் மாமியாரும் முகம் பார்க்கக்கூடாது, நேரில் பேசக்கூடாது, ஒருவரையொருவர் தொட்டுவிட்டால் ஒபுக்கோ வரும். கை நடுங்கும், தலை ஆடும், சாகிறவரை நிற்காது. சந்தை மூலையில் ஒரு தையற்காரர் இருந்தார், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தொழிலையே விட்டார். அவர் யாரைத் தொட்டார் என்று ஊரே கிசுகிசுத்தது. இதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் என் மாமியாரைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறேன்.

அதிலும் பொன்சியானோவின் மாமியார் தெயோபிஸ்தாவுக்குக் கைதான் பிழைப்பு. கல்யாணம் என்றால் முதலில் பாதிரியாரைக் கேட்பார்கள், அடுத்து தெயோபிஸ்தாவை. சில வீடுகளில் வரிசை மாறும். அவர் மட்டோக்கே வாழைக்காயை உரிப்பதைப் பார்க்க வேண்டும். கத்தி போகிற வேகத்தில் பார்க்கிறவனுக்குத்தான் விரல் கூசும். மலைபோல் குவிந்த காயை உரித்து, இலையில் கட்டி, அண்டாவில் ஏற்றி, வெந்ததும் அந்தக் கொதிக்கிற மூட்டையை வெறுங்கையால் பிசைந்து கொடுப்பார். புருஷன் போன பிறகு மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்தக் கைகள்தான்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு வயிறு வீங்கிக்கொண்டு வந்தது. வாந்தி நிற்கவில்லை. நம்பூசி, பொன்சியானோவின் மனைவி, அம்மா வீட்டிலிருந்து போன் போட்டு அழுதாள். அவன் அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு போனான். முன் சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் மாமியார் நம்பூசி மடியில் சாய்ந்து முனகிக்கொண்டே வந்தார். அவன் கழுத்தைத் திருப்பவில்லை. ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி குன்றின் மேல் இருக்கிறது. மழை பெய்தால் அந்தச் செம்மண் ஏற்றத்தில் மனிதன் நடப்பதே பாடு. கார் பாதியில் சறுக்கி, வாய்க்காலில் சக்கரத்தை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துக் கையை விரித்தான். முதுகு வலி, பாரம் தூக்கக்கூடாது என்று அவன் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். நம்பூசி எட்டு மாதக் கர்ப்பிணி. கொட்டுகிற மழையில் வேறு ஒரு ஆள் இல்லை.

பொன்சியானோ கதவைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டான். தூக்கினான்.

தெயோபிஸ்தா நல்ல கனம். கல்யாண வீட்டுச் சாப்பாடு பொய் சொல்லாது. நாலு எட்டு வைப்பதற்குள் அவனுக்கு மூச்சு முட்டியது.

"நம்பூசி," என்று அவன் கையில் கிடந்தபடியே அவர் முனகினார், "உன் புருஷன்கிட்டச் சொல்லு, என்னைக் கீழே விடச் சொல்லு."

நம்பூசி பின்னால் வழுக்கி வழுக்கி வந்துகொண்டிருந்தாள். "ஏங்க, அம்மா கீழே விடச் சொல்றாங்க."

"உங்கம்மாகிட்டச் சொல்லு, விட்டா செத்துடுவாங்கன்னு."

"அம்மா, விட்டா நீ செத்துடுவியாம்."

"செத்தா சாகறேன். மானத்தோட சாகறேன்னு சொல்லு."

"அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாகச் சொல்லு!" என்று பொன்சியானோ கத்தினான். கத்தியதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமியார் காது படக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மேலே வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த கூட்டம் முழுவதும் பார்த்தது. பார்த்துவிட்டு மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்புவதற்குள் நன்றாகவே பார்த்துவிட்டது.

குடல் முறுக்கிக்கொண்டு ஒரு துண்டு கறுத்துப் போயிருந்ததாம். அறுத்தெடுத்து மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னபோது நம்பூசி மண்டியிட்டு நன்றி சொன்னாள். பொன்சியானோ வெளியே மரத்தடியில் நின்று தன் கைகளைப் பார்த்தான். அவை நடுங்கவில்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தான்.

குழப்பம் மறுநாள்தான் ஆரம்பித்தது. விரலில் குத்திப் பார்த்துவிட்டுச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள். நம்பூசி வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள்.

"அம்மாவுக்குச் சர்க்கரையாம்."

"சர்க்கரையா? வந்ததுலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலையே. எங்கேர்ந்து வந்துச்சு சர்க்கரை?"

"தெரியலை. பெரிய ஆபரேஷன்னா இப்படி ஏறுமாம். இது வியாதின்னு இப்பவே சொல்ல முடியாதாம். ஆனா ஊசி போடுவாங்களாம்."

"வியாதி இல்லைன்னா ஊசி எதுக்கு?"

"அதுவும் தெரியலை. நல்லா சாப்பிடணுமாம். முட்டை, மீனு, பீன்ஸ், பால். எழுந்து நடக்கணுமாம்."

"சர்க்கரைன்னா சாப்பிடக்கூடாதுன்னுதானே சொல்லுவாங்க?"

"என்னைக் கேட்டா? டாக்டர் பேசிக்கிட்டே அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு."

சாப்பிடாதவர் உடம்பில் சர்க்கரை. சர்க்கரை இருக்கிறவரைச் சாப்பிடச் சொல்கிறார்கள். வியாதி இல்லை, ஆனால் மருந்து உண்டு. பொன்சியானோவுக்குத் தலை கிறுகிறுத்தது. முட்டை என்ற ஒரு சொல் மட்டும் அவனுக்கு விளங்கியது. முட்டைக்கு அவனிடம் பஞ்சமே கிடையாது. ஒரு வாளி நிறைய அவித்து அனுப்பினான். மாமியார் காலத்துப் பெண்கள் கோழியையும் முட்டையையும் தொடவே மாட்டார்கள் என்பது அந்த அவசரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை. அந்த வார்டில் அன்றைக்கு மற்ற எல்லாரும் முட்டை சாப்பிட்டார்கள்.

இந்தக் குழப்பத்தில் கொஞ்சமும் குழம்பாத ஒரே ஆள் கெவினா. நம்பூசியின் அப்பாவோடு பிறந்தவள். அப்பாவின் தங்கையைச் செங்கா என்போம். ஒரு வீட்டுப் பெண்ணுக்குச் செங்கா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் விரித்தாள். அன்றிலிருந்து அந்தக் கட்டில் அவள் ராஜ்ஜியம்.

"சர்க்கரையைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்," என்றாள். "எங்கண்ணன் காலு போனது சர்க்கரையில. உசிரு போனது சர்க்கரையில. வாயைக் கட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? இவளையும் அப்படி விட்டுடுவேன்னு நினைச்சீங்களா?"

பாசத்தில்தான் சொன்னாள். அதில் சந்தேகம் வேண்டாம். பாசமாக மட்டோக்கேயை நிறுத்தினாள். பாசமாகக் கஞ்சியை நிறுத்தினாள். பால் இனிக்கிறது என்று அதையும் நிறுத்தினாள். முலுலூசா இலையைக் கசக்கிப் பிழிந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். அந்தக் கசப்பில் ஆடுகூட வாய் வைக்காது. எழுந்து நடக்கவைக்க நர்ஸ் வந்தால், "தையல் பிரிஞ்சா நீயா தைப்பே?" என்று விரட்டினாள். ஊசி போடும் முன் "சாப்பாடு இருக்கா?" என்று நர்ஸ் கேட்டால், இலை மூடிய தட்டைத் தூக்கிக் காட்டினாள். ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போனதும், தெயோபிஸ்தாவுக்கு இரண்டு வாய் கீரை. தட்டு பக்கத்துக் கட்டில்காரருக்கு. காலித் தட்டைக் காட்டி, "எல்லாம் சாப்பிட்டா" என்று சொல்ல நம்பூசியைப் பழக்கினாள். நம்பூசியும் சொன்னாள். செங்காவின் பேச்சைத் தட்ட அவளால் முடியவில்லை.

இப்படி ஒரு வாரம் போனது. ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில், ஊர்ப் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, தெயோபிஸ்தாவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் விரல். பிறகு முழங்கைவரை. நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது. ஒருத்தி ஜபமாலையை எடுத்தாள். கெவினா அந்தக் கைகளைப் போர்வைக்குள் தள்ளி அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"ஒபுக்கோ," என்றாள்.

யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. மழையில் மருமகன் தூக்கிக்கொண்டு வந்ததுதான் ஊருக்கே தெரியுமே. நர்ஸைக் கூப்பிடலாமா என்று நம்பூசி கேட்டதற்கு, "நம்ம வீட்டு வியாதி அவளுகளுக்கு என்ன தெரியும்? வாயை மூடு" என்று பதில் வந்தது. நம்பூசி பயத்தில், பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்திருந்த பழச்சாற்றை அம்மா வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. ஜபமாலை எடுத்தவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

செய்தியை நம்பூசிதான் மரத்தடிக்கு வந்து சொன்னாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தக் குன்று ஏற வேணாமாம். செங்கா சொல்றாங்க. குலத்துப் பெரியவங்களைக் கூட்டி என்ன செய்யணுமோ செய்யற வரைக்கும்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"அம்மா ஒண்ணும் சொல்லலை. கையையே பார்த்துட்டுப் படுத்திருக்காங்க."

அந்தக் கைகள். ஊர்க் கல்யாணமெல்லாம் நம்பியிருந்த கைகள். அவற்றைப் பொன்சியானோ கெடுத்துவிட்டான். உயிரைக் காப்பாற்றினேன் என்று நினைத்தானே, எதைக் காப்பாற்றினான்? கத்தி பிடிக்க முடியாத தெயோபிஸ்தாவுக்கு உயிர் எதற்கு? விட்டிருந்தால் செத்திருப்பார். விடாததால் தினம் தினம் சாவார். எது சரி? அவனுக்குத் தெரியவில்லை. குன்றை விட்டு இறங்கிப் போனான்.

வண்டியைத் திறந்தான். மாவு பிசைந்தான். யாரும் "மாமியார் வர்றாங்க" என்று கத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. மறுநாள் நம்பூசி போனில் சொன்னாள்: "இன்னைக்கும் நடுங்குச்சு."

"நான்தான் அங்க இல்லையே!"

"அதான் எனக்கும் புரியலை. செங்கா சொல்றாங்க, அது அவ்வளவு ஆழமா இறங்கிடுச்சாம்."

கிட்டப் போனாலும் நடுங்குகிறது, எட்ட இருந்தாலும் நடுங்குகிறது. அப்படியானால் அவன் எங்கே போய் நிற்பது? மாவில் உப்பைப் போட்டோமா இல்லையா என்று மறந்து மறுபடி போட்டான். தனக்கென்று ஒரு வாய் சாப்பிடவும் தோன்றவில்லை. வாங்கிச் சாப்பிட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அப்படிச் சுளிக்காமல் சாப்பிட்ட ஒரே ஆள் பக்கத்துக் கட்டில் கிழவிக்குத் துணையிருந்த பெண். ரோலெக்ஸ் வாங்க வந்தவள் வாய் நிறையச் சிரித்தாள். "அண்ணே, உங்க வீட்டு மட்டோக்கே பிரமாதம். தினமும் எங்களுக்குத்தான் வருது. உங்க செங்கா மகராசி, நல்ல மனசு."

"உங்களுக்கா? அப்ப அத்தை என்ன சாப்பிடறாங்க?"

அவளுக்கு அது தெரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். பொன்சியானோ கரண்டியைப் பிடித்தபடி நின்றான். ஏதோ ஒன்று இடித்தது. என்ன என்று பிடிபடவில்லை.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கெமிரெம்பே வந்தாள். மதிய டியூட்டிக்குப் போகும் வழியில் அவனிடம்தான் வாங்கித் தின்றுகொண்டே ஏறுவாள். மாடு வளர்க்கிற அங்கோலே பக்கத்துப் பெண். பால் குடித்து வளர்ந்தவர்களுக்கு வாழைக்காய்க்காரர்களைச் சீண்டாமல் ஒரு நாள் போகாது.

"என்ன அண்ணே, உங்க அத்தை தினமும் தட்டைக் காலி பண்றாங்க, கைதான் குச்சியாப் போகுது. அந்த வாழைக்காயெல்லாம் எங்க போகுது?"

"சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. சாப்பிடாமலே சர்க்கரை எங்கேர்ந்து வரும்?"

"அவங்க சதையிலேர்ந்து வரும்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"பெரிய கத்தி பட்டா உடம்பு பயந்துடும் அண்ணே. இன்சுலின் என்ன சொன்னாலும் காதுல வாங்காது. ரத்தத்துல சர்க்கரை நிக்கும், ஆனா உள்ளே போகாது. சோறும் போடலைன்னா சதையைக் கரைச்சு இன்னும் சர்க்கரை பண்ணும். அதுக்குத்தான் சாப்பிடச் சொல்றோம், நடக்கச் சொல்றோம். கொஞ்ச நாள்ல அதுவே அடங்கும். ஏன் சிலருக்கு இவ்வளவு ஏறுது, சிலருக்கு ஏறலைன்னு கேட்டீங்கன்னா எனக்கும் தெரியாது."

"அப்ப அந்தக் கை நடுக்கம்?"

கெமிரெம்பே மெல்லுவதை நிறுத்தினாள். "எந்த நடுக்கம்?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். மழை, தூக்கியது, ஒபுக்கோ, வியர்வை, பழச்சாறு, பக்கத்துக் கட்டிலுக்குப் போகும் தட்டு. அவள் முகத்தில் சீண்டல் போய்விட்டது.

"ஊசி போட்டுட்டு சாப்பிடலையா? ஐயோ கடவுளே. இருக்கற சர்க்கரையும் இறங்கிடுமே அண்ணே, அதான் நடுங்குது! எங்ககிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே! மதிய ஊசி இப்பதான் போட்டிருப்பாங்க." போனை எடுத்து வார்டுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. "இனிப்பா எதையாவது எடுத்துக்கிட்டு ஓடுங்க. நான் பின்னாலேயே வரேன்."

"நான் போகக்கூடாது சிஸ்டர். நான் கிட்டப் போனா..."

"அப்ப நில்லுங்க இங்கேயே. அவங்க உசிரு போகட்டும்!"

அவள் சொன்னதில் பாதிதான் அவனுக்கு விளங்கியது. தான் போனால் மாமியாருக்குக் கெடுதலா, போகாவிட்டால் கெடுதலா என்பது அப்போதும் தெரியவில்லை. ஆனால் ஃபிளாஸ்கில் டீ இருந்தது. கை நிறையச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குலுக்கிக்கொண்டே குன்றில் ஓடினான்.

பெண்கள் வார்டு கீழ்த்தளத்தில்தான். தாழ்வாரத்தில் நின்றால் ஜன்னல் வழியே கட்டில் தெரியும். கெவினா ஜெபிக்கச் சேப்பலுக்குப் போயிருந்தாள். நம்பூசி பின்பக்கக் கொட்டகையில் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் கிழவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினாள். தெயோபிஸ்தா தனியாகக் கிடந்தார். கைகள் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தன. முகம் வியர்வையில் நனைந்திருந்தது.

பொன்சியானோ ஜன்னலுக்கு வெளியே நின்றான். பேச வேண்டும். யார் வழியாகப் பேசுவது? நடுவில் ஒரு ஆள் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். கடைசியில் சுவரைப் பார்த்தான்.

"சுவரே," என்றான், "அத்தைகிட்டச் சொல்லு, இந்த டீயைக் குடிக்கணும்னு."

மாமியாரின் தலை மெல்லத் திரும்பியது. அவரும் சுவரைத்தான் பார்த்தார். "சுவரே, அவரைப் போகச் சொல்லு. என் கை போனது போதும்."

"ஊசி போட்டா சாப்பிடணுமாம், சொல்லு. சாப்பிடாததாலதான் நடுங்குதாம்."

"யாரு சொன்னா?"

"நர்ஸ் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை சுவரே. ஆனா குடிக்கச் சொல்லு."

அவர் கண் எங்கோ போனது. "அகில்லேயோ," என்றார். அது செத்துப்போன மாமனார் பெயர். "அடுப்பு அணையுது அகில்லேயோ. கல்யாணக் கூட்டம் வந்துடுச்சு. பாத்துக்கிட்டே நிக்கறியே."

சுவரிடம் பேசி இனிப் பயனில்லை என்பது பொன்சியானோவுக்குத் தெரிந்தது. கதவு வழியாக உள்ளே போனான். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான், அவன் எதிர்பார்த்த பாரம் வரவேயில்லை. மழையில் அவன் மூச்சை முட்டவைத்த அந்த உடம்பு எங்கே? தோளில் எலும்புதான் கையில் இடித்தது. அந்தப் பெரிய கைகள் இரண்டும் வற்றிப்போய் மடியில் துடித்தன. சதையிலிருந்து வரும் என்று நர்ஸ் சொன்னாளே, அது இதுதானா? இத்தனையுமா? அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி வாயில் வைத்தான். "குடிங்க அத்தை, முழுங்குங்க." முதல் வாய் மோவாயில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. பிறகு அவரே மூடியை வாயோடு இழுத்தார்.

அவன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது மறுபடி தொட்டாகிவிட்டது. பெரியவர்கள் சொன்னது உண்மையென்றால் இனி நடுக்கம் அதிகமாக வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நடுக்கம் குறைந்தது. முழங்கை நின்றது. மணிக்கட்டு நின்றது. கடைசியில் விரல்கள் போர்வைமேல் அசையாமல் படுத்தன.

"யேசுவே!"

வாசலில் கெவினா. பின்னால் நம்பூசி, கையில் கரண்டியோடு.

"தொட்டுட்டானே! மறுபடியும் தொட்டுட்டானே! அடியே நம்பூசி, உங்கம்மாவைக் கொன்னுட்டான்டி உன் புருஷன்!"

அவள் பின்னாலேயே கெமிரெம்பே மூச்சிரைக்க வந்து, யாரையும் கேட்காமல் மாமியாரின் விரலைக் குத்திப் பார்த்தாள். "இவ்வளவு குடிச்ச பிறகே சர்க்கரை இதுதான் இருக்கு," என்றாள். "குடிக்காம இருந்திருந்தா?" கட்டில் ஓரத்தில் மூடி வைத்திருந்த தட்டின் இலையை விலக்கினாள். மட்டோக்கே தொடாமல் இருந்தது. "யாரு சாப்பிட்டாங்கன்னு சொன்னது?"

நம்பூசி அழ ஆரம்பித்தாள். கெவினா அழவில்லை. ஆனால் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் தின்னு தின்னுதான் செத்தான்," என்று சின்னக் குரலில் சொன்னாள். "இவளாவது இருக்கட்டும்னுதானே."

"அது வேற, இது வேற செங்கா," என்றாள் நர்ஸ். "இவங்களுக்கு அந்த வியாதியான்னு உடம்பு தேறின பிறகு பார்த்துத்தான் சொல்லணும். இப்ப இவங்க பட்டினியிலதான் சாகறாங்க."

"அப்ப ஒபுக்கோ இல்லையா?" என்று கெவினா கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னேன். ஒபுக்கோ எனக்குத் தெரியாது. நான் அங்கோலே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தெயோபிஸ்தாவைப் பார்த்தார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் கண்ணெதிரே பிடித்து, புறங்கையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்தத் தட்டைக் கைகாட்டினார். நிலக்கடலைக் குழம்பைத் தேடி ஊற்றச் சொன்னார்.

பொன்சியானோ ஓசைப்படாமல் நழுவி வெளியே வந்துவிட்டான். தாழ்வாரப் படியில் உட்கார்ந்தான். வெயில் அடித்தது. அப்போதுதான் கவனித்தான், அவன் கைகள் நடுங்கின. சாதாரண நடுக்கம் இல்லை, ஃபிளாஸ்க் மூடி கையிலிருந்து நழுவி உருண்டு ஓடுகிற நடுக்கம். உடம்பு சில்லிட்டது. வந்துவிட்டது. அவரை விட்டு அவனைப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை தொட்டவனை அது சும்மா விடுமா? இனிச் சப்பாத்தியை எப்படிச் சுருட்டுவது, பிறக்கப்போகிற பிள்ளையை எப்படித் தூக்குவது? யாரும் பார்க்கக்கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்தான். அப்போதும் தோள் ஆடியது.

ஜன்னலில் கம்பிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்ள, மாமியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் அவனை நேருக்கு நேர் பார்த்தார். அவன் சட்டென்று தலையைக் குனிந்தான்.

"அங்க உக்காந்திருக்கியே," என்றார். நம்பூசியிடம் சொல்லவில்லை. சுவரிடமும் சொல்லவில்லை. "நீ ஏதாவது சாப்பிட்டியா?"

பொன்சியானோ பதிலை யாரிடம் கொடுப்பது என்று தேடினான். யாரும் இல்லை.

"இல்லை அத்தை. நேத்திலேர்ந்து."

"அதான் நடுங்குது," என்றார் தெயோபிஸ்தா. "வந்து சாப்பிடு."

அவர் சொன்னது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து போனான்.